கோல்கீப்பர் பாடு

"யக்கா, கோலு உங்க வூட்டுக்கு வுழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே பக்கத்து வீட்டுப் பூவிழி படலைத் தள்ளியபோது, சுதா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருகிய இறால் கையிலேயே நின்றுவிட்டது. ஏலக் கூடத்தில் அன்று காலை சீட்டு எடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் கணவன் ஜெகதீஸ்வரனின் பெயரும் சீட்டுக் குடத்துக்குள் மற்றச் சீட்டுகளோடு கிடக்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு யார் வீட்டுச் சீட்டாவதுதான் மேலே வரும். அப்படியே பழகிவிட்டிருந்தது.

"யாரு கூட ஆட்டம்?"

பூவிழி கொஞ்சம் தயங்கினாள். "உங்க ஊருதான்கா. காட்டூரு. நம்ம பசங்க இந்த தபா அரையிறுதி வரிக்கும் எப்டியோ வந்துட்டாங்களே, அந்த ஆட்டம்."

சுதா இறாலைச் சட்டிக்குள் போட்டாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பூவிழிக்கு உட்காரலாமா, போய்விடலாமா என்று தெரியவில்லை.

வலசைக்குப்பத்தில் எதற்கும் பாடு உண்டு. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்கள் எல்லோருக்கும் போதாது. இருக்கும் இடங்களிலும் நீரோட்டம் உள்ளது, மந்தமானது என்று வித்தியாசம் உண்டு. அதனால் எந்த வீட்டுக்கு என்றைக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு வந்த வீடு வலையோடு இறங்கியாக வேண்டும். காய்ச்சல், கல்யாணம் என்று சாக்குச் சொல்லக் கூடாது. சீட்டில் வந்ததை எதிர்த்துப் பேசவும் கூடாது. ஏரியில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் சோறு தின்ன அவர்களுடைய பாட்டன்மார் கண்ட வழி அது, நல்ல வழிதான். ஆனால் பின்னாளில் அதைக் கொண்டுபோய்க் கோல் கம்பத்துக்கும் வைத்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வீடு கோல்கீப்பரை அனுப்ப வேண்டும். உலகத்தில் வேறெந்தக் கால்பந்துக் கழகமும் தன் கோல்கீப்பரைக் குடத்துக்குள் கைவிட்டு எடுத்திருக்காது.

அந்தக் கழகத்துக்கு ஒருகாலத்தில் பெரிய பெயர் இருந்தது. காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வருகிற அணிகள் ஒருநாள் முன்னதாகவே வந்து தங்கி, மணலில் ஓடிப் பழகிவிட்டுத்தான் வலசைக்குப்பத்தோடு மோதும். இங்கே ஆடியவர்களில் சிலர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேக்குப் போயிருக்கிறார்கள். வாங்கிய கேடயங்கள் இன்றைக்கும் ஏலக் கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. உப்புக்காற்று அவற்றின் பித்தளையைப் பச்சையாக்கிவிட்டது. கடைசிக் கேடயத்துக்குப் பக்கத்தில் அடித்துவைத்த ஆணி மட்டும் காலியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மீன் எடை போடுகிறவர்கள் அதில் இப்போது பையை மாட்டுகிறார்கள்.

கழகம் ஏன் மறுபடி எழவில்லை என்பதற்கு டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பயிற்சி செய்த கடற்கரையைக் கடல் தின்றுவிட்டது என்பார் ஒருவர். பையன்கள் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள், காலில் வலு எங்கே இருக்கும் என்பார் இன்னொருவர். அம்மனுக்குக் கூழ் ஊற்றியதில் குறை வைத்துவிட்டோம் என்பதும் உண்டு. சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட அழைத்து வந்தார்கள். அவர் சில வாரம் இருந்தார். "பத்து பேருக்கு நான் கத்துக் குடுப்பேன். பதினோராவது ஆளுக்கு அந்தக் கொடத்தத்தான் கத்துக் குடுக்கச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னதுதான் உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சீட்டை நிறுத்தினால் கோல் கம்பத்தில் நிற்க ஆள் வர வேண்டுமே. வலசைக்குப்பத்தில் எந்தத் தாயும் தன் பிள்ளையை அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிரந்தரமாக நிறுத்தத் தயாராக இல்லை. ஜெகதீஸ்வரனுக்கு நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஜெகதீஸ்வரனைச் சுதா முதன்முதலில் பார்த்ததும் கோல் கம்பத்தில்தான். காட்டூரில் அறுவடை முடிந்த கழனியில் ஆட்டம். வலசைக்குப்பத்துக் கீப்பர் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடித்து, வரப்பைத் தாண்டிச் சேற்றில் விழுந்து, முகம் முழுக்கச் சேறோடு எழுந்தான். பந்தை மட்டும் நெஞ்சோடு வைத்திருந்தான், தூங்கும் குழந்தையை வைத்திருப்பதுபோல. சுதா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு வலசைக்குப்பம் ஆடாத ஆட்டங்களுக்கும் அவன் காட்டூருக்கு வரத் தொடங்கினான். பி.காம் கடைசி வருடம் முடித்த கையோடு அவள் அவனைப் பொன்னேரியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பா வேதாசலம் அவள் பெயரைக்கூட வீட்டில் உச்சரிக்கவிடவில்லை.

அந்த வேதாசலம் அடுத்த போகியன்று இருட்டும் நேரத்தில் வந்து நின்றார். மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்திருந்தார். தன் கழனியில் விளைந்த அரிசி ஒரு மூட்டை, வெல்லம், கரும்பு, ஒரு பித்தளைப் பானை. பேச்சை அறுத்துக்கொண்ட மகள் வீட்டுக்கு முதல்முறை போகிறோமே, நாலு பேர் பார்க்கப் போக வேண்டாம் என்று வெட்கப்பட்டு விளக்கு வைத்த பிறகு வந்திருக்கிறார். ஷேர் ஆட்டோவிலிருந்து மூட்டையை ஜெகதீஸ்வரன்தான் இறக்கினான். மாமனாரும் மருமகனும் அன்றைக்கு ஒரே தட்டில் சோறு பிசைந்து தின்னாத குறை. சுதா அடுப்படியில் நின்று சத்தம் வராமல் அழுதாள்.

பொங்கல் கழிந்து இறுதி ஆட்டம் வந்தது. எதிரே காட்டூர். கடைசி நேரத்தில் ஒரு சாதாரணப் பந்து, நடந்து வருவதுபோல உருண்டு வந்தது. ஜெகதீஸ்வரன் குனிந்தான். பந்து கைக்கும் மணலுக்கும் இடையே நுழைந்து கோலுக்குள் போய்விட்டது. எப்படி என்று பின்னால் ஒருநாள் சுதா கேட்டபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "பந்து வந்துச்சு, குனிஞ்சேன், போய்டுச்சு." அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஏலக் கூடத்தில் ஊர் கூடியபோது, ஊருக்கும் கழகத்துக்கும் தலைவரான திருவேங்கடம், ஜெகதீஸ்வரனின் அப்பாவுக்கு அண்ணன், எழுந்து நின்று அதற்கு மேல் இருப்பதாகச் சொன்னார். "சீரு கொணார்றவன் பகல்ல கொணாருவான். இருட்டுல வந்தது லஞ்சம். ஒரு மூட்ட அரிசிக்கு நம்ம கோல பொண்டாட்டி ஊருக்கு வித்துட்டான்."

கையுறையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கழகத்திலிருந்து நீக்கினார்கள். அந்தப் பருவம் முழுக்க ஏரியில் பாடு இல்லை என்றார்கள். ஜெகதீஸ்வரன் துறைமுகத்தில் கம்பிக் கயிறு இழுக்கிற கூலி வேலைக்குப் போனான். பாடு திரும்பக் கிடைத்ததும் ஏரிக்கு வந்தான். கோலில் நிற்க ஆள் வராமல் பிறகு சீட்டு வைத்தபோது, பாடு உள்ள எல்லா வீட்டுப் பெயரோடும் அவன் பெயரும் குடத்துக்குள் போனது. அவ்வளவுதான். செய்தி காட்டூருக்குப் போனது. வேதாசலம் அதன்பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "நான் வந்துதாம்மா உங்களுக்கு அந்தப் பேரு" என்று ஃபோனில் ஒருமுறை சொன்னார். பேத்தி ஐஸ்வர்யாவுக்குத் தாத்தா என்றால் பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் பொரி உருண்டைப் பொட்டலத்தோடு நிற்கிறவர்.

இதைத்தான் சுதா மறக்கவில்லை. மறக்காததை அவள் மறைக்கவும் இல்லை. கழகம் தோற்ற அன்றைக்கெல்லாம் அவள் வீட்டில் பாயசம் கொதிக்கும். முந்திரியும் திராட்சையும் வறுத்துப் போட்டு, நெய் வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும்படி செய்வாள். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பாள். ஆட்டத்துக்குப் போகாத கிழவர்கள் காற்றை மோந்து பார்த்து, "போச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள். அது வெளியே தெரிந்த பழி. தெரியாதது ஒன்று இருந்தது. சீட்டை நிறுத்திவிட்டு யாராவது ஒரு பையனை நிரந்தரமாகக் கீப்பராக்கலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம், அந்தப் பையன் வீட்டுக்குச் சுதா ஏதாவது ஒரு சாக்கில் போவாள். கறிவேப்பிலை கேட்பாள், பிள்ளையின் படிப்பை விசாரிப்பாள், கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். பூவிழியின் கொழுந்தன் கவியரசன் விஷயத்திலும் அப்படித்தான். நல்ல உயரம், முழங்காலைத் தொடும் கை. பிறக்கும்போதே கீப்பராகப் பிறந்தவன். "நாளிக்கி ஒரு பந்து வுட்டான்னு வெச்சுக்க பூவிழி, உம் கொழுந்தனுக்கு இன்னா பேரு வெப்பாங்க?" என்றாள் சுதா. அன்று இரவே அந்த வீட்டில் வேண்டாம் என்று முடிவானது. கவியரசன் தடுப்பாட்டக்காரனாகப் பின்வரிசைக்குப் போனான்.

ஊர் தன் தோல்விக்குக் கடலையும் துறைமுகத்தையும் அம்மனையும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, சுதா அடுப்படியில் நின்று ஜவ்வரிசி கிளறிக்கொண்டிருந்தாள்.

சீட்டு விழுந்த அன்று சாயங்காலமே திருவேங்கடம் வந்தார். துணைக்கு மனைவி இருசம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கையில் பிரிக்காத உறையில் புதிய கையுறை. படலைத் தாண்டும்போது தலை குனிந்துகொண்டார். குனியத் தேவையில்லாத உயரம்தான் படல்.

"ஜெகா, சீட்டு உன்னியதான் கூப்புடுது."

ஜெகதீஸ்வரன் வலைக்கண் கோத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தவில்லை. "சொன்னாங்க பெரிநைனா."

"ஒடம்பு முடியுமா?"

"நிக்கிறதுதான. முடியும்."

சுதா டீ கொண்டுவந்து வைத்தாள். "சக்கர போடல மாமா. உங்களுக்குச் சக்கர கீதுன்னு அத்த சொன்னாங்க. கப்பு வாங்கினு வாங்க, அன்னிக்கிப் போட்டுத் தரேன். அது வரிக்கும் உசுரக் கெட்டியாப் புட்சிக்குங்க."

இருசம்மாள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். திருவேங்கடம் டம்ளரைத் தொடவில்லை.

"அவுரு நிப்பாரு மாமா" என்றாள் சுதா. "அதுக்கு முன்ன நீங்க ஏலக் கூடத்துல அதே எடத்துல நின்னு ஒரு வார்த்த சொல்லணும். எங்கப்பா கொணாந்தது சீருன்னு."

"அது பழைய கத யம்மா."

"பழசுதான். நான்தான் தெனம் சூடு பண்ணி வெச்சினு கீறேன்."

"ஆம்பளைங்க ஆட்டத்துல நீ..."

"அந்த மூட்டையில ரெண்டு படி உங்க வூட்டுக்கும் அனுப்புனேன். அத்த அதுலதான் பொங்கல் வெச்சாங்க. நீங்களும் துன்னீங்க." சுதாவின் குரல் உயரவில்லை. "நீங்க எத்தினி கோலுக்குத் துன்னீங்க மாமா?"

வலை ஊசி நின்றது. இருசம்மாள் தரையைப் பார்த்தாள். திருவேங்கடம் கொஞ்ச நேரம் கையுறைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சா சொல்றேன்" என்றார் கடைசியாக.

"ஜெயிச்சப்பறம் சொன்னா அது பரிசு. எனக்குப் பரிசு வாணாம்."

அவர் எழுந்து போய்விட்டார். போகிறவரின் முதுகைப் பார்த்தபோது சுதாவுக்கு ஒன்று புரிந்தது. இந்த மனிதர் அந்தக் கழகத்தை வயிற்றுப் பிள்ளையைப்போல வளர்த்தவர். அன்றைக்குத் தோல்வியை யார் தலையிலாவது இறக்கிவைக்காமல் அவரால் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. இப்போது சீர்தான் என்று ஒத்துக்கொண்டால், பிறகு கழகத்தைக் கெடுத்தது யார் என்ற கேள்வி வரும். அவரால் எப்படிச் சொல்ல முடியும்? புரிந்தது. புரிந்ததால் கோபம் ஒரு துளியும் குறையவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு சுதா ஜெகதீஸ்வரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வுட்டுடுங்க" என்றாள்.

"நிக்காம இருக்க முடியாது சுதா. சீட்டு வந்துடுச்சு."

"நிக்க வாணாம்னு சொல்லல. நில்லுங்க. வர பந்தையெல்லாம் வுட்டுடுங்க. செய்யாததுக்குப் பேரு வாங்கினோம். செஞ்சுட்டு ஒருதபா வாங்கிக்கலாம்."

அவன் அவளை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமோ சம்மதமோ எதுவும் தெரியவில்லை. பாடு இல்லாத அந்தப் பருவம் முழுக்கத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு உட்காரும்போதும் இப்படித்தான் பார்ப்பான். அவனுக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. தன் கோபமே இரண்டு பேருக்கும் போதும் என்று நினைத்துவிட்டாள்.

"ஆட்டத்துக்கு வருவியா?" என்று மட்டும் கேட்டான்.

"வருவேன். பாக்கணும் இல்ல?"

ஆட்டத்தன்று சவுக்குத் தோப்பு ஓரம் முழுக்கக் கூட்டம். காட்டூர்க்காரர்கள் இரண்டு டிராக்டரில் வந்து மைதானத்தின் எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டு, டிரெய்லர் மேலேயே நின்றார்கள். அவர்களுக்கு நடுவே வெள்ளைச் சட்டையில் அப்பா இருந்ததைச் சுதா தூரத்திலேயே கண்டுகொண்டாள். எந்தக் காலத்தில் அவர் பந்தாட்டம் பார்த்தார்? மருமகன் நிற்கிறான் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார். ஊர் எல்லைவரை வந்தவர் மகள் வீட்டுக்கு வரவில்லை. சுதா வலை உலர்த்தும் மேட்டில் பெண்களோடு நின்று அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்டாட்டி ஊருக்காரனுங்க வந்துட்டானுங்கடா, மூட்ட எங்கன்னு பாரு" என்று பின்னால் எவனோ சொன்னான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜெகதீஸ்வரனுக்கும் கேட்டிருக்கும். இடுப்பு பெருத்து, சட்டை வயிற்றில் இறுகி, புதிய கையுறையோடு அவன் கோல் கம்பத்துக்கு நடந்து போனதைப் பார்க்கச் சுதாவுக்கே யாரோ மூன்றாம் மனிதனைப் பார்ப்பதுபோல் இருந்தது.

முதல் பந்து வந்தது. இதோ விடப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் பக்கவாட்டில் பாய்ந்தான். அந்த உடம்பு காற்றில் நீண்டதைப் பார்த்து மேட்டில் நின்ற பெண்கள் "யப்பா" என்றார்கள். பந்தோடு மணலில் விழுந்து உருண்டு எழுந்தபோது அது நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சுதாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். சொன்னேனே, ஏன் பிடித்தான்? அடுத்த பந்தையும் பிடித்தான். அதற்கடுத்ததை விரல் நுனியால் மேலே தட்டிவிட்டான். காட்டூர்க்காரர்கள் எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அந்தக் கைகள் அங்கே முன்னமே போய்ச் சேர்ந்திருந்தன. இத்தனை வருடம் அவை எங்கே இருந்தன? ஏரியில் வலை இழுத்துக்கொண்டு, தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு, மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டு தன் கண் முன்னால்தான் இருந்தன. இந்தக் கைகளைத்தான் கழனி வரப்பில் நின்று காதலித்தோம் என்பது நினைவு வந்து, கூட்டத்துக்கு நடுவே அவளுக்குக் கண் நிறைந்தது. அதைத் துடைத்துக்கொண்டு மறுபடி கோபத்தை இழுத்துப் பிடித்தாள்.

இரண்டாம் பாதியில் யாருடைய முழங்காலிலோ பட்டுத் திரும்பிய பந்து காட்டூர் கோலுக்குள் போனது. வலசைக்குப்பம் ஒரு கோல் முன்னால். சவுக்குத் தோப்பே குலுங்கியது. பின்னால் நின்று சிரித்தவன் இப்போது "எங்கண்ணன்டா அவரு" என்று ஜெகதீஸ்வரனைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான். திருவேங்கடம் கோடு போட்ட எல்லைக்குள்ளேயே ஓடிப்போய் ஆட, ரெஃப்ரி அவரைத் தள்ளி வெளியே விட்டார்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். கம்பத்துக்கு எதிரே உயரமாக ஒரு பந்து வந்தது. பின்வரிசையில் நின்ற கவியரசன் எகிறினான். தலையால் முட்டப் போனவனின் கை, அவனையும் அறியாமல் மேலே எழுந்து பந்தைத் தட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து பந்தைப் பிடிக்கவே காத்திருந்த கை. ரெஃப்ரி விசில் ஊதிக் கோல் கம்பத்துக்கு எதிரே இருந்த புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

கவியரசன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மேட்டில் பூவிழி, "ஐயோ, இவன் ஏன்கா கைய தூக்குனான்" என்று சுதாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏன் தூக்கினான் என்று அந்த மைதானத்தில் சுதா ஒருத்திக்குத்தான் தெரியும். பூவிழியின் கையை மெல்ல விலக்கிவிட்டு மேட்டிலிருந்து இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. கோல் கம்பத்தின் பின்னால், வலையைப் பிடித்துக்கொண்டு, "ஜெகா, உன்னியதான்டா நம்பிக்கினு கீறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, இப்ப சொல்லுங்க."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆட்டம் நடக்குது யம்மா."

"அதான். இப்ப சொல்லுங்க."

ஜெகதீஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கோட்டிலிருந்து நகர்ந்தான். கம்பத்தோரம் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, குடிக்கத் தொடங்கினான். அவசரமில்லாமல், மிடறு மிடறாக. ரெஃப்ரி கையைக் காட்டினார். அவன் குடித்துக்கொண்டேயிருந்தான். பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு நின்ற காட்டூர்ப் பையன் ரெஃப்ரியைப் பார்த்தான். ரெஃப்ரி திருவேங்கடத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் திருவேங்கடத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். மைதானத்தில் ஒருவர்கூடப் பந்தைப் பார்க்கவில்லை.

அவர் உதடு அசைந்தது. "அது... சீருதான்" என்றார், சுதாவுக்கு மட்டும் கேட்கும்படி.

"சத்தம் பத்தல" என்றது ஒரு குரல். சுதா அல்ல. கூட்டத்துக்குள்ளிருந்து இருசம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். "மீன் ஏலத்துக்கு அம்மாம் கத்துற இல்ல? அன்னிக்கும் அப்டிதான கத்துன? கத்தித் தொலையேன்யா. நானும் இத்தினி வருசமா அந்த ரெண்டு படி அரிசிய முழுங்க முடியாம கீறேன்."

திருவேங்கடம் மூச்சை இழுத்தார். ஏலம் போடுகிற குரல்தான் வந்தது, பாதியில் உடைந்தது. "காட்டூரு வேதாசலம் அன்னிக்கிக் கொணாந்தது தலைப்பொங்கல் சீரு. லஞ்சம்னு நான் சொன்னது பொய்யி. புள்ள கோல விக்கல. நான்தான்... நான்தான் சொன்னேன்."

எதிர்ப்பக்கத்துக்கு அது கேட்டிருக்காது. காற்று கடலிலிருந்து அடித்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர் அடுத்தவருக்குச் சொன்னார். "சீருதானாம்." "இன்னா சொன்னாரு?" "சீராம், லஞ்சம் இல்லியாம், தலைவரே சொல்ட்டாரு." அந்த வார்த்தை கோட்டோரமாகவே வாய் வாயாக மைதானத்தைச் சுற்றிப் போவதைச் சுதா கண்ணால் பார்த்தாள். தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. கொடிக் கம்பத்தைத் தாண்டியது. டிராக்டரை எட்டியது. வெள்ளைச் சட்டையின் காதருகே ஒருவர் குனிந்தார். வேதாசலம் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயதானவர்கள் இறங்குவதுபோல, ஒரு காலைக் கீழே விட்டுத் தரையைத் தேடினார்.

இதைத்தான் கேட்டாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் நெஞ்சுக்குள் பாரம் இறங்குவதற்கு முன்பே வேறொன்று ஏறிக்கொண்டது. திருவேங்கடம் திருப்பித் தந்தது அவள் அப்பாவின் பெயரை. ஜெகதீஸ்வரனிடமிருந்து பிடுங்கியதை யாரும் தரவில்லை, தரவும் முடியாது. வயிறு பெருத்து, வயது போய், ஒரே ஒரு நாள் சீட்டில் வந்து நிற்கிற இந்த மனிதனிடம் ஊரில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. வர பந்தையெல்லாம் விட்டுவிடு என்று அவள்தான் சொன்னாள். முதல் பந்திலிருந்து அவன் எல்லாவற்றையும் பிடித்தது, இந்த ஒன்றை விடுவதற்காகவா? பிடி என்று இப்போது கத்த வேண்டும்போல இருந்தது. இவ்வளவு வருடமும் பழியைத் தன்னுடையது என்றே நினைத்து வளர்த்தவளுக்கு, அதை இப்போது அவனிடமிருந்து திரும்பக் கேட்க எந்த வார்த்தையும் இல்லை.

ஜெகதீஸ்வரன் பாட்டிலை மூடி வைத்தான். கோட்டுக்குத் திரும்பி வந்தான். பெரியப்பாவைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் ஒரு கணம் பார்த்தான், ஆட்டத்துக்கு வருவியா என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை. பிறகு புதிய கையுறைகளை ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்துக் கழற்றி, வலைக்கு வெளியே போட்டான்.

ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார். காட்டூர்ப் பையன் ஓடிவரத் தொடங்கினான். ஜெகதீஸ்வரன் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் நின்று கைகளை விரித்தான். வலைக்கயிறும் கம்பிக்கயிறும் அறுத்துக் காய்த்துப்போன வெறும் உள்ளங்கைகள் இரண்டும் ஊரைப் பார்த்து விரிந்திருந்தன.